எழுதி வைப்போம், காரணத்தையும்!

தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இருப்பது ஒற்றைப் பெயர். அதற்கு முன்னால் தந்தையின் பெயரையோ ஊரின் பெயரையோ குறிக்கும் முதலெழுத்து. ஆனால், இணையத்தில் நாம் நிரப்பும் படிவங்கள் பலவும் 'முதற்பெயர்', 'கடைசிப் பெயர்' என இரண்டு கட்டங்களைக் காட்டி, இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்குச் செல்ல அனுமதிக்கின்றன. ஒருவர் இரண்டாவது கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுகிறார். இன்னொருவர் முதலெழுத்தை மட்டும் எழுதி, 'குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை' என்ற மறுப்பைப் பெறுகிறார். வேறொருவர் வழி தெரியாமல் தன் பெயரையே இருமுறை எழுதுகிறார். இப்படி ஒரே மனிதர் வங்கிக் கணக்கில் ஒரு விதமாகவும், பயணச்சீட்டில் வேறு விதமாகவும் பதிவாகிவிடுகிறார்.

இது வெறும் எரிச்சலோடு முடிந்துவிடுவதில்லை. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் கொண்டவர்களின் அமெரிக்க விசாவில், முதற்பெயருக்கான இடத்தில் 'எஃப்.என்.யு.' என்ற மூன்று எழுத்துகள் இடம்பெறுவதுண்டு. 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் முடிவெடுத்ததாக விமான நிறுவனங்கள் அறிவித்தன. கடவுச்சீட்டின் இரண்டாவது பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது.

இத்தகைய படிவம் ஒன்றை உருவாக்கிப் பராமரிக்கும் குழுவிடம், 'கடைசிப் பெயர் ஏன் கட்டாயம்?' என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்? அது சட்டத்தின் தேவையாக இருக்கலாம். பின்னணியில் உள்ள வேறொரு கணினி அமைப்பு அதைக் கேட்கலாம். அல்லது, யாரோ ஒருவர் என்றோ வெளிநாட்டு மாதிரிப் படிவம் ஒன்றை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம். முதல் இரண்டும் காரணமென்றால் அந்தக் கட்டத்தை நீக்குவது ஆபத்து. மூன்றாவது என்றால் இன்றே நீக்கிவிடலாம். ஆனால், எது உண்மை என்பதைச் சொல்லக்கூடியவர் வேறு நிறுவனத்துக்குச் சென்றுவிட்டார். காரணம் எங்கும் எழுதப்படவில்லை. எனவே, யாரும் அதைத் தொடத் துணிவதில்லை. கட்டம் அப்படியே நிற்கிறது.

நம் அன்றாட வாழ்வில் குறுக்கிடும் செயலிகள், இணையதளங்களின் குறைகளுள் கணிசமானவை திறமையின்மையால் விளைந்தவை அல்ல. காரணம் தொலைந்துபோனதால் விளைந்தவை. வடிவமைப்புக் குழுக்கள் தாம் செய்ததை ஓரளவு பதிவு செய்கின்றன. ஏன் செய்தோம் என்பதைப் பதிவு செய்யத் தவறுகின்றன. அந்தத் தவறின் விலையைப் பயன்படுத்துவோர் கொடுக்கிறார்கள்.

முடிவுகள் எங்கே போகின்றன?

ஒரு செயலியை உருவாக்கும் குழுவில் வடிவமைப்பாளர், நிரலாளர், பயனர்களின் தேவையை ஆராய்பவர், சோதனையாளர், இவர்களை ஒருங்கிணைக்கும் தயாரிப்பு மேலாளர் எனப் பலர் இருக்கின்றனர். இவர்கள் நாள்தோறும் எடுக்கும் முடிவுகள் சிறியவை. பொத்தானில் 'சமர்ப்பி' என்று எழுதுவதா, 'விண்ணப்பத்தை அனுப்பு' என்று எழுதுவதா? கைப்பேசி எண்ணை முதலில் கேட்பதா, கடைசியில் கேட்பதா? கடவுச்சொல்லைத் தவறாக இட்டால் எத்தனை முறை வாய்ப்புத் தருவது? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். பயனர்களுடன் நடத்திய சோதனை, சட்ட ஆலோசகரின் எச்சரிக்கை, வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு வந்த புகார் என அது எங்கிருந்தேனும் வந்திருக்கும்.

அந்தக் காரணம் பேசப்படும் இடங்கள் எவை? காணொலிக் கூட்டம், உரையாடல் குழு, மின்னஞ்சல், தேநீர் இடைவேளை. முடிவு மட்டும் திரையாக உருவெடுக்கிறது. காரணம் உரையாடலோடு கரைந்துபோகிறது. வரைபடக் கோப்புகளின் நிலையும் இதுதான். 'இறுதி', 'இறுதி-2', 'புதிய இறுதி' என்று பெயரிடப்பட்ட கோப்புகளில் எது நடப்பில் உள்ளது என்பதை அவற்றை வரைந்தவர் மட்டுமே அறிவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வடிவமைப்பாளர் பெரும்பாலும் எல்லாம் சரியாக நடக்கும் வழியையே வரைகிறார். இணைய இணைப்பு அறுந்தால் என்ன காட்டுவது, பணம் எடுக்கப்பட்டுச் சீட்டு பதிவாகாவிட்டால் என்ன சொல்வது, தேடியது கிடைக்காவிட்டால் திரையில் என்ன இருக்க வேண்டும் என்பவை வரையப்படாமலே நிரலாளரிடம் போகின்றன. வெளியீட்டுக்கு முந்தைய இரவில் அவர் தனக்குத் தோன்றிய ஒரு வாசகத்தை இடுகிறார். 'பிழை நேர்ந்துள்ளது, மீண்டும் முயலவும்' என்ற வாசகத்தின் முன் நாம் கையறு நிலையில் நிற்பது இப்படித்தான். பணம் போய்விட்டதா, மீண்டும் செலுத்தினால் இருமுறை போய்விடுமா என்ற கேள்விக்கு அதில் விடை இருப்பதில்லை.

எழுதப்படாத ஓர் அனுமானத்தின் விலை

எழுதப்படாத காரணம் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு மென்பொருள் வரலாற்றில் 'தெராக்-25' என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஒரு கசப்பான பாடம். கனடாவின் அரசுத் துறை அணுசக்தி நிறுவனம் தயாரித்த அக்கருவி, 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் உயிரிழந்தனர்.

கருவியின் திரையில் அப்போது தோன்றிய எச்சரிக்கைகளுள் ஒன்று 'கோளாறு 54' என்பது. அந்த எண் எதைக் குறிக்கிறது என்ற விளக்கம் இயக்குநர்களுக்கு வழங்கப்பட்ட கையேட்டில் இல்லை. இப்படிப்பட்ட எச்சரிக்கைகள் அடிக்கடி வந்துகொண்டே இருந்ததால், ஒரு விசையை அழுத்திச் சிகிச்சையைத் தொடர்வது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. திரை பேசியது, ஆனால், என்ன சொல்கிறது என்பது அதன் முன் அமர்ந்திருந்தவருக்கு விளங்கவில்லை.

இதைவிட ஆழமான காரணம் இன்னொன்று. இதற்கு முந்தைய மாதிரியான 'தெராக்-20'-இல், தவறான அளவில் கதிர்வீச்சு வெளிப்படாமல் தடுக்கும் தனி மின்-இயந்திரப் பூட்டுகள் இருந்தன. புதிய மாதிரியில் அவற்றுட் பலவற்றை நீக்கிவிட்டு, அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். பழைய மென்பொருளின் பகுதிகள் புதிய கருவியிலும் பயன்படுத்தப்பட்டன. பழைய கருவியிலும் அதே போன்ற மென்பொருள் பிழை இருந்தது என்பது பின்னர்தான் தெரியவந்தது. அங்கே பூட்டுகள் காப்பாற்றிக்கொண்டிருந்தன. மென்பொருள் தவறினாலும் பூட்டு தடுக்கும் என்ற அனுமானத்தின் மீது அந்தக் கருவி நின்றது. அந்த அனுமானம் எந்தத் தாளிலும் இல்லை. இவ்விபத்துகளை ஆராய்ந்து 1993-இல் விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் ஆகிய இருவரும், மென்பொருள் உருவாக்கத்தின்போது மிகக் குறைந்த ஆவணங்களே தயாரிக்கப்பட்டன என்பதையும் குறைகளுள் ஒன்றாகச் சுட்டிக்காட்டினர்.

பயணச்சீட்டுச் செயலியும் கதிர்வீச்சுக் கருவியும் ஒன்றல்ல. ஆனால், தவறு பிறக்கும் விதம் ஒன்றே. ஒரு பகுதி ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரியாமல் ஒருவர் அதை நீக்குகிறார். அல்லது தெரியாததாலேயே அதை அப்படியே வைத்திருக்கிறார்.

குறைவாக எழுதுவதும் அதிகமாக எழுதுவதும்

ஆவணம் என்றாலே மென்பொருள் துறையினருக்கு ஒருவித ஒவ்வாமை உண்டு. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் நிரலின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான பக்கங்களில் விவரக்குறிப்புகள் தயாரிக்கப்பட்டன. மென்பொருள் உருவாகி முடிவதற்குள் தேவைகள் மாறிவிடும், குறிப்பேடு பயனற்றதாகிவிடும். இதற்கு எதிர்வினையாக, 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் 'அஜைல்' எனப்படும் பணிமுறைக்கான பிரகடனத்தை வெளியிட்டனர். முழுமையான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்குக் கூடுதல் மதிப்பளிப்பதாக அதில் அவர்கள் கூறினர். ஆவணத்துக்கும் மதிப்புண்டு என்பதை அதே பிரகடனம் ஒப்புக்கொள்கிறது. ஆனால், அந்தப் பாதியை மறந்துவிட்டு, 'ஆவணமே வேண்டாம்' என்று பொருள்கொண்ட குழுக்கள் ஏராளம்.

இரண்டு எல்லைகளுமே தவறானவை. எவரும் படிக்காத இருநூறு பக்கக் கையேடு, எதுவுமே எழுதாததற்கு ஒப்பானது. சொல்லப்போனால் அது மேலும் தீங்கானது. காலாவதியான ஆவணத்தை நம்பிச் செயல்படுபவர், தனக்குத் தெரியாது என்பதைக்கூட அறியாமல் இருக்கிறார்.

அப்படியானால் எதை எழுதுவது? திரையைப் பார்த்தாலே தெரிவதை எழுத வேண்டியதில்லை. பொத்தான் நீல நிறத்தில் வலப்பக்கம் இருக்கிறது என்பதைத் திரையே காட்டிவிடும். திரை காட்டாதவை மூன்று: இந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது, வேறு எந்த வழிகள் பரிசீலித்துக் கைவிடப்பட்டன, எந்தச் சூழல் மாறினால் இந்த முடிவை மீண்டும் ஆராய வேண்டும். இம்மூன்றையும் எழுதினால் போதும். அதற்கு ஒரு பக்கத்துக்கு மேல் தேவைப்படாது.

பிரிட்டன் காட்டும் வழி

இதை ஓர் அரசே செய்து காட்டியிருக்கிறது. பிரிட்டன் அரசு 2011-இல் 'அரசு டிஜிட்டல் சேவை' என்ற அமைப்பை உருவாக்கியது. துறைவாரியாகச் சிதறிக் கிடந்த அரசு இணையதளங்களுக்கு மாற்றாக 2012 அக்டோபரில் ஒரே பொதுத்தளம் செயல்பாட்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டே லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் 'ஆண்டின் சிறந்த வடிவமைப்பு' விருதை அது பெற்றது. கண்ணைக் கவரும் அலங்காரம் எதுவும் இல்லாத ஓர் அரசு இணையதளம் அவ்விருதைப் பெற்றது பலரையும் வியக்க வைத்தது.

2018-இல் அதே அமைப்பு, அரசுச் சேவைகளை உருவாக்கும் அனைவருக்குமான பொது வடிவமைப்புத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பொத்தான், தேதிக் கட்டம், முகவரிப் படிவம் என ஒவ்வொன்றுக்கும் அதில் தனிப் பக்கம் உண்டு. அந்தப் பக்கங்களின் அமைப்பு கவனிக்கத்தக்கது. இதை எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது பயன்படுத்தக் கூடாது, எப்படி இயங்குகிறது என்ற வரிசையில் விளக்கம் அமைந்திருக்கிறது. பலவற்றில், பயனர்களிடம் நடத்திய ஆய்வில் தெரியவந்தது என்ன, இன்னும் அறிய வேண்டியது என்ன என்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது குறித்த பொது விவாதத்துக்கான இணைப்பும் அங்கேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சென்று படிக்கலாம்.

நாம் தொடக்கத்தில் கண்ட பெயர்க் கட்டத்துக்கும் அங்கே விடை இருக்கிறது. கூடுமானவரை ஒரே கட்டத்தில் முழுப் பெயரைக் கேளுங்கள் என்கிறது அத்தொகுப்பு. எல்லா மக்களின் பெயர்களும் முதற்பெயர், கடைசிப் பெயர் என்ற அச்சுக்குள் அடங்குவதில்லை என்பது அதற்கான காரணம். அந்தக் காரணம் எழுதப்பட்டிருப்பதால், நாளை ஒரு துறை இரண்டு கட்டங்கள் வேண்டும் என்று கேட்டால், 'எங்கள் வழக்கம் அப்படி' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. எழுதப்பட்ட காரணத்துக்கு ஈடான ஒரு காரணத்தை அது முன்வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சான்று: எண்களை இடுவதற்கான கட்டத்தின் தொழில்நுட்ப வகையை 2020-இல் அக்குழு மாற்றியது. பயனர் பார்வையில் அது மிகச் சிறிய மாற்றம். ஆனால், மாற்றியதற்கான காரணங்களை அவர்கள் பொதுவெளியில் விரிவாக விளக்கினர். பழைய வகையில், சுட்டியின் சக்கரத்தை உருட்டும்போது கட்டத்திலுள்ள எண் பயனர் அறியாமலே மாறிவிடக்கூடும். குரல்வழி இயக்குவோரும், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றோரும் இடர்ப்பட்டனர். இந்த விளக்கம் வெளியானதால், உலகின் வேறு மூலைகளில் படிவம் வடிவமைப்பவர்களும் அதே சோதனையை மீண்டும் செய்யாமல் அதன் பயனைப் பெற முடிந்தது. காரணத்தை எழுதி வைப்பதன் பெரும் பலன் இது. ஒருவர் கற்றதை இன்னொருவர் மீண்டும் அடிபட்டுக் கற்க வேண்டியதில்லை.

ஐந்து பகுதிகளில் ஒரு குறிப்பு

தனியார் குழுக்களுக்கும் எளிய வழி இருக்கிறது. மைக்கேல் நைகார்ட் என்ற மென்பொருள் வல்லுநர் 2011-இல் முன்வைத்த முடிவுக் குறிப்பு முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. மென்பொருள் கட்டமைப்புக்காக அவர் அதை உருவாக்கினாலும், வடிவமைப்புக்கும் அது பொருந்தும். தலைப்பு, சூழல், முடிவு, நிலை, விளைவுகள் என ஐந்தே பகுதிகள்.

ஒரு பேருந்து முன்பதிவுச் செயலியின் குழு இம்முறையில் ஒரு குறிப்பு எழுதுவதாக எண்ணிக்கொள்வோம். அது இவ்வாறு அமையலாம்:

தலைப்பு: பயணியின் பெயரைக் கேட்கும் முறை.

சூழல்: இப்போது பெயரை இரண்டு கட்டங்களில் கேட்கிறோம். ஒற்றைப் பெயர் கொண்டவர்கள் இரண்டாவது கட்டத்தில் புள்ளி வைக்கிறார்கள், அல்லது அதே பெயரை மீண்டும் எழுதுகிறார்கள். பேருந்தில் ஏறும்போது அடையாள அட்டையுடன் ஒப்பிடப்படுவது முழுப் பெயர் மட்டுமே.

முடிவு: அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரை ஒரே கட்டத்தில் கேட்போம். இரண்டாவது கட்டத்தை விருப்பத்துக்கு விடும் யோசனையைக் கைவிட்டோம்; அது கட்டாயமா இல்லையா என்ற குழப்பம் நீடிக்கும் என்பதால்.

நிலை: ஏற்கப்பட்டது. முடிவெடுத்த நாளும் பொறுப்பாளரின் பெயரும்.

விளைவுகள்: கடைசிப் பெயரின்படி பயணிகளை வரிசைப்படுத்தும் அறிக்கையை மாற்ற வேண்டும். பயணக் காப்பீட்டு நிறுவனம் ஏதேனும் பெயரை இரு பகுதிகளாகக் கேட்டால், இம்முடிவை மீண்டும் ஆராய வேண்டும்.

இதை எழுதப் பதினைந்து நிமிடங்கள் போதும். இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதிதாகச் சேரும் ஒருவர், 'ஏன் இப்படி?' என்று கேட்டால், அரை மணி நேரக் கூட்டம் தேவைப்படாது. இம்முறையின் இன்னொரு விதியும் முக்கியமானது. முடிவு மாறினால் பழைய குறிப்பை அழிக்கக் கூடாது. அது மாற்றப்பட்டுவிட்டது என்று குறித்துவிட்டு, புதிய குறிப்பை எழுத வேண்டும். குழு எந்த வழியாக இங்கு வந்து சேர்ந்தது என்பது அப்போதுதான் தெரியும். கைவிட்ட பாதையிலேயே மீண்டும் நடக்கும் வீண்வேலையும் தவிர்க்கப்படும்.

எழுதினால் மட்டும் போதாது

எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க் கோளை நெருங்கியபோது தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் ஒரு மென்பொருள் தர, அது நியூட்டன் அலகில் இருப்பதாகக் கருதி இன்னொரு மென்பொருள் பயன்படுத்தியதே காரணம். எந்த அலகில் தர வேண்டும் என்பது திட்ட ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அதைப் பின்பற்றினார்களா என்று சரிபார்க்கும் பணிநெறி தவறிவிட்டது. பயணத்தின்போதே கணக்குகள் பொருந்தவில்லை என்பதை வழிகாட்டுக் குழுவினர் கவனித்தனர். ஆனால், அந்த ஐயம் முறையான புகார்ப் பதிவு வழியாகச் செல்லாமல் மின்னஞ்சல்களில் தங்கிவிட்டது.

எனவே, ஆவணமும் பணிநெறியும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டியவை. இதற்குக் குழுக்கள் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள் சிலவே.

முதலாவது, குறிப்பு வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். வரைபடம் ஓரிடத்தில், காரணம் வேறோர் அடுக்கில் என்றால் எவரும் தேடிப் போகமாட்டார்கள். வரைபடக் கோப்பிலோ பணிப்பட்டியலிலோ அந்தக் குறிப்புக்கு நேரடி இணைப்பு இருக்க வேண்டும்.

இரண்டாவது, குறிப்பு எழுதப்படும் வரை வேலை முடிந்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. 'வெளியீடு முடியட்டும், பிறகு எழுதலாம்' என்ற 'பிறகு' வருவதே இல்லை. அன்றைய முடிவை அன்றே எழுதினால் ஐந்து வரி. மூன்று மாதம் கழித்து எழுதினால் அது நினைவுகூரல்.

மூன்றாவது, நிரலாளரிடம் ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு திரைக்கும் நான்கு நிலைகள் வரையப்பட்டிருக்க வேண்டும்: எல்லாம் சரியாக நடந்த நிலை, தகவல் வந்துகொண்டிருக்கும் நிலை, தகவல் எதுவும் இல்லாத நிலை, தவறு நேர்ந்த நிலை. தவறு நேர்ந்த நிலையின் வாசகம், என்ன நடந்தது, பணமும் தகவலும் எந்த நிலையில் இருக்கின்றன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும்.

நான்காவது, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பொறுப்பாளரும், மறுபார்வைக்கு ஒரு நாளும் குறிக்கப்பட வேண்டும். எல்லோருக்கும் பொறுப்பு என்பது ஒருவருக்கும் பொறுப்பில்லை என்றே முடிகிறது.

ஐந்தாவது, புதிதாகச் சேர்பவரே ஆவணத்தின் உண்மையான சோதனையாளர். முதல் வாரத்தில் அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், எழுதப்படாத ஒரு காரணத்தைச் சுட்டுகிறது. விடையை அவர் காதில் சொல்வதோடு நில்லாமல், குறிப்பில் சேர்க்க வேண்டும். அதை அவரையே எழுதச் சொல்வது இன்னும் நல்லது.

எதிர்வாதங்கள் நியாயமானவையே

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பார்கள். எழுதாததற்குச் செலவாகும் நேரம் கணக்கில் வருவதில்லை என்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. ஒரே விவாதம் ஆண்டுக்கு மூன்று முறை நடப்பதும், பழைய தவறு புதிய பெயரில் திரும்புவதும், ஒருவர் விடுப்பில் சென்றால் வேலை நிற்பதும் எந்தச் செலவுப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை.

இரண்டாவது தயக்கம் பேசப்படாதது. காரணத்தை எழுதினால் பின்னர் அது தவறு என்று தெரியும்போது எழுதியவர் மாட்டிக்கொள்வார் என்ற அச்சம் அது. இந்த அச்சம் உள்ள இடத்தில் எந்த ஆவண முறையும் வேர்பிடிக்காது. எழுதினாலும் பொய்யையே எழுதுவார்கள். அன்று கிடைத்த தகவலின்படி நியாயமாக எடுத்த முடிவுக்கு எவரும் தண்டிக்கப்படமாட்டார்கள் என்பதைத் தலைமை தன் நடத்தையால் காட்ட வேண்டும்.

மூன்றாவது வாதம் ஆழமானது. டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர், 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு மென்பொருளின் உயிர் அதை உருவாக்கியவர்களின் மனத்திலுள்ள புரிதலில்தான் இருக்கிறது, எந்த ஆவணத்தாலும் அதை முழுமையாக மாற்றிக் கொடுக்க முடியாது என்று வாதிட்டார். அதில் உண்மை உண்டு. நல்ல சமையல் குறிப்பு கைப்பக்குவத்தைக் கொடுத்துவிடுவதில்லை. ஆனால், புரிதல் முழுவதையும் எழுத முடியாது என்பது, எழுதக்கூடியதையும் எழுதாமல் விடுவதற்கான அனுமதி ஆகாது. மூத்தவர் இளையவரோடு அமர்ந்து பேசும் நேரமும் வேண்டும். அந்தப் பேச்சு தொடங்குவதற்கு ஓர் எழுத்தும் வேண்டும்.

நோக்கம் வேறு, வழி வேறு

இது நிறுவனங்களின் உள்விவகாரம் மட்டுமன்று என்பதை, உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய தீர்ப்பு உணர்த்துகிறது. அமில வீச்சால் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்கு போன்ற சேவைகளுக்கான மின்னணு அடையாளச் சரிபார்ப்பில், கேமராவின் முன் கண் சிமிட்டுமாறு கேட்கப்படுகிறது. கண் சிமிட்ட இயலாதவர் என்ன செய்வார்? டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்த நீதிமன்றம், மாற்று வழிகளை ஏற்படுத்துவது உள்பட 20 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது.

ஒரு வடிவமைப்பாளரின் பார்வையில் இதைச் சிந்தித்துப் பாருங்கள். கேமராவின் முன் இருப்பது புகைப்படம் அன்று, உயிருள்ள மனிதர் என்று உறுதி செய்வது நோக்கம். கண் சிமிட்டுவது அதற்கான வழிகளுள் ஒன்று. நோக்கத்தையும் வழியையும் தனித்தனியே எழுதும் பழக்கம் உள்ள குழு, 'இந்த வழி யாருக்குப் பயன்படாது?' என்ற கேள்வியைத் தானாகவே எதிர்கொள்ளும். வழி மட்டுமே பதிவாகும் இடத்தில், காலப்போக்கில் வழியே விதியாகிவிடுகிறது. பிறகு அந்த விதிக்குப் பொருந்தாத மனிதர், தன் உரிமைக்காக உச்சநீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருக்கிறது.

அரசுகளும் வங்கிகளும் தங்கள் இணையச் சேவைகளை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைப்பது வழக்கம். ஒப்பந்தக் காலம் முடிந்து வேறு நிறுவனம் பொறுப்பேற்கும்போது நிரல் கைமாறுகிறது, காரணங்கள் கைமாறுவதில்லை. எனவே, மென்பொருளோடு சேர்த்து முடிவுக் குறிப்புகளையும் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்க வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் உருவாகும் சேவைகளில், பாதுகாப்பு தொடர்பானவை நீங்கலாக மற்ற குறிப்புகளைப் பிரிட்டனைப் போலப் பொதுவெளியில் வைப்பதிலும் தயக்கம் தேவையில்லை. பழைய படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் கேட்டு, விடை இல்லாதவற்றைப் பட்டியலிடுவதே எந்தத் துறையும் உடனே தொடங்கக்கூடிய முதல் வேலை. 'கடைசிப் பெயர்' என்ற கட்டம் அந்தப் பட்டியலில் நிச்சயம் இடம்பெறும்.